எம்.டி. தீசிஸ்: மூன்று வருடம் என்பது உண்மையில் 18 மாதம்

“மூணு வருஷம் இருக்கு, பார்த்துக்கலாம்.” முதலாண்டு பிஜி (முதுநிலை மருத்துவ) மாணவர்கள் தீசிஸை, அதாவது ஆய்வேட்டை, தள்ளிப்போடுவது இப்படித்தான். அந்த 36 மாதத்தைப் பிரித்துப் பாருங்கள். தலைப்பு, புரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்), நெறிமுறைக் குழு ஒப்புதல் என்று முதல் 6 மாதம் ஓடிவிடும். தேர்வுக்குக் குறைந்தது 6 மாதம் முன்பே தீசிஸைக் கொடுத்தாக வேண்டும். அலசி எழுத 3 மாதம், மாவட்ட மருத்துவமனைப் பயிற்சிக்கு 3 மாதம். நோயாளிகளைச் சேர்க்க மிஞ்சுவது 18 மாதம், அதுவும் நைட் டூட்டிக்கு நடுவே.

ஆகவே மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டாமல் தலைப்பை முடிவு செய்வதுதான் முதல் தவறு. அந்த நோயோடு மாதம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கடந்த ஒரு வருடப் பதிவேட்டில் எண்ணுங்கள். மாதம் 8 பேர், அதில் பாதிப் பேரே உங்கள் நிபந்தனைகளுக்குள் வருவார்கள் என்றால் 18 மாதத்தில் 72 பேர்தான் கிடைப்பார்கள்.

அது போதுமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சீனியர் 100 பேர் எடுத்தார், நாமும் 100 என்று எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற ஃபார்முலாவைப் பிறகு தேடுவார்கள். ஒரு நோயின் பரவல் 30 சதவீதம் என்று முந்தைய ஆய்வு சொன்னால், 4pq/d² கணக்கில் (p பரவல் 30, q மீதி 70, d துல்லியம், அதாவது எத்தனை சதவீதப் புள்ளி முன்பின் இருக்கலாம் என்பது) 10 சதவீதத் துல்லியத்துக்கு 84 பேர் வேண்டும். துல்லியத்தை 5 சதவீதமாக இறுக்கினால் 336. பாதியில் நின்றுவிடுபவர்கள் 10 சதவீதம் என்று வைத்தால் 84-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும், 94 வரும். பலரும் 1.1-ஆல் பெருக்கி 93 என்று போடுகிறார்கள். கிடைப்பது 72, தேவை 94 என்றால் கேள்வியை மாற்றுங்கள். எண்களை வளைக்காதீர்கள். புள்ளியியலாளரைப் பார்க்க வேண்டிய நேரமும் இதுதான். டேட்டா முடிந்த பிறகு போய் நின்றால் அவரால் எதையும் காப்பாற்ற முடியாது.

சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆராய்ச்சி முறை ஆன்லைன் படிப்பைச் சான்றிதழுக்காக மட்டும் கடைசியில் முடிக்கிறார்கள். புரோட்டோகால் எழுதும் முன் படித்தால்தான் அதற்குப் பயன்.

“பழைய கேஸ் ஷீட்தானே, ஒப்புதல் எதற்கு?” என்பதும் தவறு. பதிவேட்டு ஆய்வும் நெறிமுறைக் குழுவுக்குப் போக வேண்டும். நோயாளியின் சம்மதம் தேவையில்லை என்று விலக்கு தருவதும் அந்தக் குழுதான், நீங்களோ கைடோ அல்ல. சிகிச்சை முறைகளை ஒப்பிடும் ஆய்வு என்றால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ-யில் (இந்திய மருத்துவப் பரிசோதனை ஆய்வுகளின் பதிவகம்) பதிவு செய்யுங்கள். 2018 ஏப்ரல் 1-க்குப் பிறகு நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கிவிட்டுச் செய்யும் பதிவுக்கு அங்கே இடமில்லை.

எல்லா நோயாளிகளின் விவரத்தையும் ஏற்றும் அட்டவணையான மாஸ்டர் சார்ட்டில் நடக்கும் கூத்து தனி. ஒரு கட்டத்தில் ‘45’, அடுத்ததில் ‘45 வயது’ என்று இருந்தால் மென்பொருள் இரண்டாவதை எண்ணாகவே எடுக்காது. செய்யாத பரிசோதனைக்கு 0 போட்டால் சராசரியே கீழே இறங்கிவிடும். கட்டத்தைக் காலியாக விடுங்கள். முதல் 5 பேரின் விவரத்தை ஏற்றியதும் நிறுத்தி, படிவத்தில் எந்தக் கேள்வி விடுபட்டது என்று பாருங்கள். 60-ஆவது ஆளில் கண்டுபிடித்தால், முந்தைய 59 பேரின் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) அளவைத் தேடிப் பதிவேட்டு அறையில்தான் உட்கார வேண்டும்.