அமெரிக்காவில் ‘லோ இன்கம் அபார்ட்மெண்ட்’ தேடுவது எப்படி?

‘லோ இன்கம்’ (குறைந்த வருமானக்காரர்களுக்கு) என்று போட்டிருந்தால் நம் சம்பளத்துக்குத் தக்கபடிதான் வாடகை கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். பல இடங்களில் அப்படிக் கிடையாது.

படி 1: என்ன வகை வீடு?

லீசிங் ஆபீஸில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். 1986-ல் வந்த வரிச்சலுகைத் திட்டத்தில் கட்டிய வீடுகள் ஒரு வகை. கட்டியவருக்கு வரியில் சலுகை, பதிலுக்கு வாடகைக்கு ஓர் உச்சவரம்பு. அந்த வரம்பு உங்கள் சம்பளத்தைப் பார்த்து வைத்ததல்ல. அரசே நடத்தும் வீடுகளும் செக்‌ஷன் 8 வவுச்சரும் (தனியார் வீட்டு வாடகையில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் உதவி) இன்னொரு வகை. அங்கே நீங்கள் தரும் வாடகை, கழிவுகள் போக உங்கள் வருமானத்தில் சுமார் 30 சதவீதம்.

கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். ஒரு வரிச்சலுகை வீட்டுக்கு வருமான வரம்பு (அதற்கு மேல் சம்பாதித்தால் வீடு கிடையாது) ஆண்டுக்கு 60,000 டாலர் என்று வையுங்கள். அதில் 30 சதவீதம் 18,000. மாதத்துக்கு 1,500 டாலர் வரை வாடகை வைக்கலாம். நீங்கள் சம்பாதிப்பதோ மாதம் 3,000. சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடும்! வவுச்சர் இருந்தால் ஏறக்குறைய 900-தான் உங்கள் பங்கு. இன்னொன்று: வவுச்சர் வைத்திருக்கிறார் என்பதற்காகவே ஒருவரை வரிச்சலுகைக் கட்டடங்கள் மறுக்கக் கூடாது. இது பலருக்குத் தெரிவதில்லை.

படி 2: தகுதி உண்டா?

மத்திய வீட்டுவசதித் துறையான ‘ஹட்’, ஊர்வாரியாக, குடும்ப எண்ணிக்கைவாரியாக வருமான வரம்புகளை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. கையில் வரும் சம்பளத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். வரி பிடிப்பதற்கு முந்தைய தொகைதான் கணக்கு. வேலை விசா, மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு வவுச்சர் கிடைக்காது. கிரீன் கார்டு இருந்தால் விண்ணப்பிக்கலாம். வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால், சில விலக்குகள் தவிர, வரிச்சலுகை வீடும் கிடைக்காது.

படி 3: எங்கே தேடுவது?

ஹட் இணையதளத்தில் வரைபடம் இருக்கிறது. 211 என்ற உதவி எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம். அதோடு நிற்காமல், பிடித்த பேட்டையில் நடந்து போய் ஒவ்வொரு கட்டடமாக விசாரியுங்கள். பல கட்டடங்கள் தங்களுக்கென்று தனி வெயிட்டிங் லிஸ்ட் வைத்திருக்கும்.

படி 4: லிஸ்ட்டில் ஏறுங்கள், இறங்கிவிடாதீர்கள்

வவுச்சர் லிஸ்ட் எப்போதும் திறந்திருக்காது. திறந்தாலும் பல ஊர்களில் குலுக்கல்தான். உங்கள் ஊரில் மூடியிருந்தால் பக்கத்து ஊரில் போடுங்கள், தடையில்லை. விண்ணப்பத்துக்குப் பணம் கேட்டால் அது மோசடி. (தனியார் கட்டடங்கள் விண்ணப்பக் கட்டணம் கேட்பது வேறு விஷயம்.)

வீடு மாறினால் அன்றே புது முகவரியைச் சொல்லிவிடுங்கள். நான் அப்படிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ‘இன்னும் காத்திருக்கிறீர்களா?’ என்று கேட்ட கடிதம் பழைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பதில் வராததால் பெயரை அடித்துவிட்டார்கள். இரண்டு வருடக் காத்திருப்பு, ஒரு தபாலில் போச்சு.

படி 5: காகிதங்கள்

பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), வங்கிக் கணக்கு விவரம், அடையாள அட்டை, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ். எல்லாம் ஒரே கவரில் தயாராக இருக்கட்டும். கூப்பிட்ட பிறகு தேடினால் முறை அடுத்தவருக்குப் போய்விடும்.

படி 6: மறுத்துவிட்டால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பின்னணி அறிக்கையை (உங்கள் பழைய வாடகை, கடன் பாக்கி விவரங்கள் கொண்டது) பார்த்து மறுத்திருந்தால், 60 நாட்களுக்குள் கேட்டால் அதன் நகல் இலவசம். வாங்கி வரிவரியாகப் படியுங்கள். உங்கள் பெயரே கொண்ட வேறொருவரின் பாக்கி உங்கள் தலையில் ஏறியிருக்கலாம்.