பெயிண்டைப் பார்த்து மெஷின் வாங்காதீர்கள்

ஓஎல்எக்ஸிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ மரம் இழைக்கும் 'பிளானர்', நாடா ரம்பமான 'பேண்ட் சா' என்று பழைய மர வேலை மெஷின்களைத் தேடி, இடத்தை வடசென்னைப் பக்கம் மாதவரம், புழல், செங்குன்றம் என்று சுருக்கினால் விளம்பரங்களுக்குப் பஞ்சமில்லை. ஜிஎன்டி சாலையை ஒட்டி மரக்கடைகளும் அறுவை மில்களும் இருப்பதால் பட்டறையை மூடுகிறவர், பெரிய மெஷினுக்கு மாறுகிறவர், எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊர் திரும்புகிறவர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். புது விலையில் பாதிக்கும் கீழே நல்ல மெஷின் அமைவதும் உண்டு. ஆனால் வாங்கப் போகிறவர்களில் பலர் பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு பெயிண்ட் எப்படி, மோட்டார் சத்தம் எப்படி, பெல்ட் புதுசா என்று பார்க்கிறார்கள். இந்த மூன்றையும் விற்கிறவர் ஒரே நாளில், சொற்பக் காசில் சரிசெய்துவிட முடியும்.

மெஷினில் எதைச் சுலபமாகச் சரிசெய்யலாம், எதைச் செய்யவே முடியாது என்று பிரித்துப் பார்க்காததுதான் மற்ற தவறுகளுக்கும் அடி. பிளானரில் பிளேடு பூட்டிச் சுற்றும் கட்டர் பிளாக்கில் பேரிங் கத்துகிறதா? கத்தட்டும். பெரும்பாலும் 6205, 6206 மாதிரி எங்கும் கிடைக்கும் நம்பராகத்தான் இருக்கும். பாரிமுனைப் பக்கம் போனால் அன்றைக்கே வாங்கிவிடலாம். மோட்டார் எரிந்திருந்தால் காயில் கட்டிக்கொள்ளலாம். சுவிட்ச், புல்லி எல்லாம் அப்படித்தான். இதில் ஏதாவது குறை கண்ணில் பட்டால் மெஷினை ஒதுக்க வேண்டாம், பேரம் பேச ஒரு பிடி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு உடம்பில் விரிசல், வளைந்த ஷாஃப்ட், பிளேடைப் பிடிக்கும் போல்ட்டுகளின் மரை தேய்ந்த கட்டர் பிளாக் என்றால் கதை வேறு. விலை எவ்வளவு இறங்கினாலும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

நம் பட்டறைகளில் இருக்கும் பழைய மெஷின்களில் நிறைய படாலா, லூதியானா பக்கத்து வார்ப்புகள். கனமானவை, ஒழுங்காக வைத்திருந்தால் தலைமுறை தாண்டி உழைக்கும். இன்றைக்குத் தகட்டை மடித்துச் செய்து வரும் புது மெஷினைவிட இந்தப் பழசைத்தான் நான் எடுப்பேன். ஆனால் அந்த வார்ப்பு உடைந்தால் மாற்று கிடைக்காது. வெல்டிங் வைத்து ஓட்டுவார்கள். வார்ப்பிரும்பில் வைத்த வெல்டிங் அதன் பக்கத்திலேயே மறுபடி விரியக்கூடியது. அதனால்தான் பழைய மெஷினில் புதுப் பச்சைப் பெயிண்ட் பளபளத்தால் எனக்குச் சந்தேகம் வரும். பட்டியும் பெயிண்டும் சேர்ந்தால் எந்த விரிசலையும் மறைத்துவிடும். டார்ச்சை எடுத்துக்கொண்டு மெஷினுக்குக் கீழே குனியுங்கள். டேபிளின் அடிப்பக்கம், போல்ட் ஓட்டைகளைச் சுற்றி, கட்டர் பக்கத்து டேபிள் விளிம்பு, பேண்ட் சாவாக இருந்தால் கழுத்தும் சக்கரத்தின் ஆரங்களும். அடிப்பக்கத்துக்கு யாரும் அக்கறையாகப் பெயிண்ட் அடிப்பதில்லை. சின்ன ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். நல்ல வார்ப்பு கணீரென்று ஒலிக்கும், விரிந்தது மொத்தையாக ஒலிக்கும்.

அடுத்தது டேபிள். நேரான ஸ்டீல் ஸ்கேலும் இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜும் கையில் இல்லாமல் பிளானர் பார்க்கப் போவது வீண். கட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு டேபிளிலும் படும்படி ஸ்கேலை நீளவாக்கில் வைத்து, இரண்டும் ஒரே மட்டத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். பல வருஷம் ஓடிய மெஷினில் டேபிள் ஏறி இறங்கும் சரிவுத் தடம் தேய்ந்து, நுனி தொங்கிப்போயிருக்கும். கொஞ்சம் தொங்கல் என்றால் தகடு சொருகிச் சரிக்கட்டலாம். நிறைய என்றால் மெஷின் ஷாப்பில் டேபிளைச் சீவ வேண்டும். அந்தச் செலவு சில சமயம் மெஷின் விலையையே தொட்டுவிடும். பேண்ட் சாவுக்கு ஒரு எளிய வழி உண்டு. பிளேடைக் கழற்றச் சொல்லி, மேல் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, விளிம்பருகே ஒரு பென்சிலை அசையாமல் பிடியுங்கள். சக்கரம் ஆடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மிகப் பழைய பிளானர்களில் கட்டர் பிளாக் உருளையாக இல்லாமல் சதுரமாக இருக்கும். அதைக் கையால் மரம் தள்ளும் வேலைக்கு வாங்கவே வேண்டாம். சதுர பிளாக்குக்கும் டேபிளுக்கும் நடுவில் இடைவெளி அதிகம். கை தவறினால் விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஓட்டிக் காட்டச் சொல்லும்போது நடக்கிற ஒரு வேடிக்கை. ஹார்பரிலிருந்து வரும் பேக்கிங் பெட்டிப் பைன் மரம் வடசென்னையில் தாராளமாகக் கிடைக்கும். விற்கிறவர் அதில் ஒரு துண்டை எடுத்து விட்டுக் காட்டுவார். வெண்ணெய் மாதிரி போகும், பார்க்கிறவர் மயங்கிவிடுவார். பைன் எந்த மெஷினிலும் அப்படித்தான் போகும். நீங்கள் தினமும் வேங்கையிலோ தேக்கிலோ வேலை செய்கிறவர் என்றால் அதில் ஒரு மூன்றடித் துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் திக்னஸ் பிளானரில் அதை விட்டு எடுத்து, இடது ஓரம், வலது ஓரம், இரண்டு நுனி என்று வெர்னியரால் அளந்து பாருங்கள். கையால் தள்ளிச் சீவும் சர்ஃபேஸ் பிளானர் என்றால் இரண்டு பலகையின் ஓரங்களைச் சீவி, ஒன்றோடு ஒன்று சேர்த்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பார்த்தால் போதும்.

போனில் பேசும்போதே, "அண்ணே, நான் வர்ற வரைக்கும் மெஷினை ஓட்டாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் மோட்டார்மேல் கை வையுங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆக அது தகராறு செய்கிறதோ என்னவோ. அப்புறம் ஒரு இருபது நிமிஷமாவது ஓடவிட்டு பேரிங் ஹவுசிங்கின் சூட்டைப் பாருங்கள். ஆஃப் செய்த பிறகு, மோட்டார் இரைச்சல் அடங்கி மெஷின் தானாகச் சுற்றி நிற்கும் அந்த நேரத்தில்தான் பேரிங்கின் உண்மையான சத்தம் காதில் விழும்.

வெள்ளம் பார்த்த மெஷினா என்று கேட்பதற்கு நம் பக்கத்தில் வெட்கப்பட வேண்டியதில்லை. 2015 டிசம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி எல்லாம் தண்ணீரில் நின்றவைதான். விற்கிறவர் இல்லை என்று சொன்னாலும் மெஷின் சொல்லிவிடும். உடம்பைச் சுற்றி ஒரே உயரத்தில் துருக் கோடு, மோட்டார் ஃபேன் மூடிக்குள் காய்ந்த சேறு, சுவிட்ச் பெட்டிக்குள் துரு. மூழ்கிய மோட்டார் காய்ந்ததும் ஓடும், ஆனால் வைண்டிங்கின் இன்சுலேஷன் போயிருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது. திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து உப்புக்காற்றுத் துரு வேறு வகை. டேபிள்மேல் மெல்லிசாகப் படிந்தது என்றால் மண்ணெண்ணெயும் எமரி தாளும் போதும். பேரிங் உட்காரும் இடத்திலும் சரிவுத் தடத்திலும் குழி குழியாக அரித்திருந்தால் வேண்டாம்.

கரண்ட் விஷயத்தை வாங்கிய பிறகு யோசிக்கிறவர்கள் அதிகம். நல்ல பட்டறை மெஷின்கள் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ், 415 வோல்ட். உங்களிடம் சிங்கிள் ஃபேஸ்தான் என்றால் மோட்டாரை மாற்றுவதா, சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக மாற்றித் தரும் விஎஃப்டி போடுவதா, இணைப்பை மாற்றுவதா என்று கணக்குப் போட்டு, அந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். த்ரீ ஃபேஸ் இருக்கிறவர்களும் இணைப்பு எந்த வகை என்று பார்க்க வேண்டும். வீட்டு இணைப்பில் பட்டறை ஓட்டி மாட்டினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். விளம்பரத்தில் '5 ஹெச்பி' என்று இருப்பதையும் அப்படியே நம்பாமல் ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். 415 வோல்ட் 5 ஹெச்பி மோட்டார் முழு லோடில் சுமார் 7 ஆம்பியர் எடுக்கும். மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் வைண்டிங்கிலோ சப்ளையிலோ கோளாறு.

வடசென்னையில் எதை விற்றாலும் "ஹார்பர்ல வந்த சரக்குண்ணா" என்று ஒரு வார்த்தை கூடவே வரும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும், அப்போதுதான் சிக்கல். மோட்டார் பிளேட்டில் 1725 அல்லது 3450 சுற்று என்று இருந்தால் அது 60 ஹெர்ட்ஸ் மோட்டார். நம் 50 ஹெர்ட்ஸ் மோட்டார்களில் 1440, 2880 என்று இருக்கும். 'ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டா ஓடும்' என்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, சூடேறிக்கொண்டே ஓடும். கார்பன் பிரஷ் உள்ள ரூட்டர் மாதிரி கை மெஷின்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

மெஷினை நேரில் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் 'இன்னொருத்தர் கேட்கிறார், 2,000 போட்டு வையுங்க' என்றதும் அனுப்பிவிடுகிறார்கள். ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, மெஷினை ஆர்மி வண்டியிலேயே அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் திரும்ப வர க்யூஆர் ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொன்னாலும் மோசடிதான். யுபிஐயில் பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வீடியோ கால் போட்டு, பிளேட்டில் உள்ள நம்பரைக் காட்டச் சொல்லுங்கள்.

விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அது யார் மெஷின் என்று கேளுங்கள். பழைய பில்லோ, பட்டறையில் மெஷின் நிற்கும் படமோ ஏதாவது இருக்கும். திருட்டுப் பொருள் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தும் வாங்கினால், 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. விற்கிறவரின் அடையாள அட்டை நகலோடு, மெஷினின் பெயர், நம்பர், தொகை, தேதி எழுதி ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் விற்றால் பில்லே கேட்கலாம். வட்டமரம் அறுக்கும் பெரிய பேண்ட் சா வாங்கி மில் போடும் எண்ணம் இருந்தால் முதலில் வனத்துறை உரிமத்தை விசாரியுங்கள்.

பேரத்துக்கு முன்னால் இரண்டு எண்கள் கையில் இருக்கட்டும். ஒன்று அதே மாதிரிப் புது மெஷினின் விலை. மற்றது காயலான்கடை விலை, அதாவது மெஷினின் எடையை அன்றைய பழைய வார்ப்பிரும்பு விலையால் பெருக்கினால் வருவது. விற்கிறவர் இதற்குக் கீழே போகமாட்டார். பழுதான மெஷினுக்கு இதற்கு ரொம்ப மேலே நீங்களும் போக வேண்டாம்.

மெஷினை ஏற்றி இறக்குவதுதான் கடைசிச் செலவு. குட்டி யானை வண்டி ஏறக்குறைய முக்கால் டன் தாங்கும். கனமான வார்ப்பு பிளானரோ பெரிய பேண்ட் சாவோ அதைத் தாண்டிவிடலாம். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் சந்துகளில் பெரிய வண்டி நுழையாது, அதனால் சந்து, வாசல் அகலம் இரண்டையும் முதலிலேயே அளந்து வையுங்கள். லோடுமேன் கூலியை மெஷினைக் காட்டி முன்கூட்டியே பேசிவிட வேண்டும், பாதியில் நிற்கும்போது பேசினால் அவர்கள் சொல்வதுதான் விலை. டேபிளிலோ கட்டர் ஷாஃப்டிலோ கயிறு போட்டுத் தூக்க விடாதீர்கள், உடம்பின் அடிப்பாகத்தில்தான் கட்ட வேண்டும். பேண்ட் சா தலைகனம், நிமிர்ந்த வாக்கில் நாலு பக்கமும் கட்டாமல் வண்டி நகரக்கூடாது. வண்டி கிளம்பும் முன்னால் மரத்தை அணைத்துத் தள்ளும் ஃபென்ஸ், கட்டரை மூடும் கார்டு, பிளேடு பூட்டும் சாவி, பழைய பிளேடு செட் எல்லாம் ஏறியதா என்று நீங்களே பாருங்கள். "நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க" என்று சொன்னால், அதையும் தேடி எடுத்துத் தரும் வரைக்கும் மீதிப் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.