ஐஆர்சி-ல கேள்வி கேட்டா பதில் வரலையா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஓப்பன் சோர்ஸ் கத்துக்க வர்றவங்க நிறைய பேர் ஐஆர்சி (IRC, டெக்ஸ்ட்லயே குரூப்பா பேசற பழைய சாட் முறை) சேனலுக்கு, அதாவது சாட் ரூமுக்கு, ஒரு தடவ வந்து பாத்துட்டு "அங்க யாருமே பதில் சொல்றதில்லைங்க"ன்னு கிளம்பிடறாங்க. எனக்கு இது ரொம்ப வருத்தமா இருக்கு, ஏன்னா பல நேரம் பதில் வந்திருக்கும், கேட்டவங்கதான் இருக்க மாட்டாங்க.

போன வாரம் எங்க சேனல்ல ஒருத்தர் வந்து "ஹலோ"ன்னார், கொஞ்ச நேரம் கழிச்சு "யாராவது இருக்கீங்களா"ன்னார், அப்புறம் "கிட்ல ஒரு டவுட்"னு போட்டார், அஞ்சாவது நிமிஷம் வெளிய போயிட்டார். கிட் (Git, கோட்ல பண்ற மாற்றங்களைப் பதிவு பண்ணி வைக்கற டூல்) நல்லா தெரிஞ்சவர் கால் மணி நேரம் கழிச்சு ஸ்க்ரீனைப் பாத்து "சொல்லுங்க, என்ன டவுட்?"னு கேட்டார், ஆனா கேட்க ஆள் இல்ல. லிஸ்ட்ல நூறு பேர் தெரிஞ்சாலும் எல்லாரும் வேற வேலைக்கு நடுவுல எட்டிப் பாக்கறவங்கதான்.

ஐஆர்சி 1988-ல பின்லாந்துல, ஔலு பல்கலைக்கழகத்துல யார்க்கோ ஓய்கரினென் எழுதினது. சர்வர் ஒரு மெசேஜ் வந்தா அந்த நேரம் சேனல்ல இருக்கறவங்களுக்கு அனுப்பிடும், அவ்ளோதான். வாட்ஸ்அப் மாதிரி நீங்க திரும்பி வர்ற வரைக்கும் பொதுவா எடுத்து வச்சிருக்காது. அதனால கேட்டுட்டு விண்டோவை மூடாதீங்க, ஒரு மணி நேரமாவது இருங்க. எப்பவும் ஓடற மெஷின் ஒண்ணு இருந்தா டிமக்ஸுக்குள்ள (tmux, டெர்மினலை மூடினாலும் உள்ள ஓடறதை நிறுத்தாம வைக்கற புரோகிராம்) வீசாட் (WeeChat) இல்லன்னா இர்சி (irssi) மாதிரி கிளையண்ட், அதாவது ஐஆர்சிக்குள்ள போற புரோகிராம், ஓட விட்டுடுங்க, இல்ல ஸீஎன்சி (ZNC) மாதிரி பவுன்சர் (நீங்க இல்லாதப்பவும் சேனல்ல இருந்து மெசேஜை எடுத்து வைக்கற புரோகிராம்) வச்சுக்கங்க.

"ஒரு டவுட் கேட்கலாமா"ன்னு பர்மிஷன் கேட்கவே வேணாம், நேரா டவுட்டையே போடுங்க. "டெபியன் 12, கிட் புஷ் பண்ணா நான் ஃபாஸ்ட் ஃபார்வர்டுன்னு ரிஜெக்ட் ஆகுது, நேத்து இன்னொரு லேப்டாப்ல இருந்து கமிட் பண்ணேன்"னு ஒரே லைன்ல இருந்தா, பாக்கறவர் உடனே "முதல்ல புல் பண்ணுங்க"ன்னு சொல்லிடுவார்.

எரர் மெசேஜை அம்பது லைன் அப்படியே சேனல்ல ஒட்டாதீங்க. பல சர்வர் "எக்ஸஸ் ஃப்ளட்"னு உங்கள வெளிய தள்ளிடும். பேஸ்ட் தளத்துல (நீளமான டெக்ஸ்டைப் போட்டு லிங்க் எடுக்கற வெப்சைட்) போட்டு லிங்க் குடுங்க. ஸ்க்ரீன்ஷாட்டைவிட டெக்ஸ்ட் நல்லது, காப்பி பண்ணி தேடிப் பாக்கலாம்.

தமிழ்ல டைப் பண்றவங்க இன்னொண்ணு தெரிஞ்சுக்கணும். ஐஆர்சி-ல ஒரு மெசேஜ் மொத்தமே 512 பைட்தான், அதுலயும் உங்க நிக் (ஐஆர்சி-ல நீங்க வச்சுக்கற பேர்), சேனல் பேர் எல்லாம் கொஞ்சம் எடுத்துக்கும். யூடிஎஃப்-8ல (UTF-8, எழுத்தை பைட்டா மாத்தற முறை) இங்கிலீஷ் எழுத்து ஒரு பைட், ஆனா 'க' மூணு பைட், 'கி' ஆறு பைட், அதனால நாம நீளமா எழுதினா லைன் சீக்கிரமே நிரம்பிடும். சில கிளையண்ட் தானா பிரிச்சு அனுப்பும், சிலதுல வால் வெட்டுப்பட்டுப் போயிடும், கேள்வியோட முக்கியமான பாதி அதுல போனா கேட்டதே புரியாது. சின்னச் சின்ன லைனா போடுங்க.

பாஸ்வேர்டு விஷயத்துல ரொம்ப கவனம். நிக்செர்வுக்கு (NickServ, அந்த நிக் உங்களுதுதான்னு சரிபாக்கற சர்வீஸ்) பாஸ்வேர்டோட ஐடென்டிஃபை கமாண்ட் அடிக்கும்போது ஸ்லாஷுக்கு முன்னாடி தெரியாம ஒரு ஸ்பேஸ் விழுந்தா அது கமாண்டா போகாம சேனல்லயே மெசேஜா விழுந்துடும். நான் ஒரு தடவ அப்படிப் போட்டு, என் பாஸ்வேர்டு எல்லார் ஸ்க்ரீன்லயும் நின்னப்போ கை நடுங்கிடுச்சு, அனுப்பினதை அழிக்கவும் வழி இல்ல. அப்படி ஆயிட்டா உடனே பாஸ்வேர்டை மாத்துங்க. இந்தக் கமாண்டை சேனல் விண்டோல அடிக்காம ஸ்டேட்டஸ் விண்டோல அடிங்க, இல்லன்னா கிளையண்ட் செட்டிங்ஸ்ல சாஸ்ல் (SASL, கனெக்ட் ஆகும்போதே தானா லாகின் பண்ற முறை) போட்டு வச்சுடுங்க, கையால அடிக்கற வேலையே வராது.

கேட்காம யாருக்கும் பிரைவேட் மெசேஜ் அனுப்பாதீங்க. அவங்களுக்குத் தொந்தரவு, அதோட ஒருத்தர் தப்பா சொன்னா சேனல்லன்னா இன்னொருத்தர் திருத்துவார், தனியா கேட்டா அந்தத் தப்பு உங்க கூடவே வந்துடும்.

பிரச்சனை சரியானா வெறுமன "ஆச்சு, நன்றி"ன்னு போகாம எது வேலை செஞ்சதுன்னு ஒரு லைன் போட்டுட்டுப் போங்க, அதே எரரோட இன்னொருத்தர் அந்த சேனல்ல பேசாம உக்காந்து பாத்துட்டு இருப்பார்.