புல்வெட்டும் டிராக்டர்: அன்றாடப் பராமரிப்பும் பெட்ரோல் நிரப்பும் முறையும்

மைதானங்களிலும் பெரிய தோட்டங்களிலும் ஓட்டுநர் அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் டிராக்டர்களில் பல பெட்ரோலில் ஓடுபவை. அவற்றின் அன்றாடச் சோதனையையும் பெட்ரோல் நிரப்புவதையும், எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும் காலை வேளையிலேயே முடித்துவிட வேண்டும். பாதி வேலையில் பெட்ரோல் தீர்ந்துபோய், கொதிக்கும் சைலன்சருக்கு அருகில் நின்று அவசரமாக ஊற்ற நேர்வதே இந்த வண்டியைப் பொறுத்தவரை பெரிய ஆபத்து.

உறைநிலைக்கு நாற்பது டிகிரி கீழான குளிரிலும் பெட்ரோலிலிருந்து தீப்பற்றக்கூடிய ஆவி எழும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து சென்று, சற்றுத் தள்ளி எரியும் அடுப்பையோ கொட்டகை மூலையில் இருக்கும் இன்வெர்ட்டரையோ எட்டிவிடும். ஆகவே வண்டியைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்த பிறகே டேங்கின் மூடியைத் திறக்க வேண்டும்.

பெட்ரோலை எதில் வைத்திருப்பது என்பதிலும் கவனம் தேவை. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை மொத்தம் 30 லிட்டர் வரை உரிமம் இன்றி வைத்திருக்கலாம். ஆனால் அது இறுக மூடிய கலத்தில் இருக்க வேண்டும். உலோகக் கலமானால் 25 லிட்டருக்கும், கண்ணாடி அல்லது பீங்கான் கலமானால் ஒரு லிட்டருக்கும் மேற்படக் கூடாது. தண்ணீர் கேனும் குளிர்பான பாட்டிலும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பங்க்கில் கேனை நிரப்பும்போது அதை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, குழாயின் முனை கேனின் வாயைத் தொட்டபடி இருக்குமாறு நிரப்பினால், நிலைமின்சாரம் சேர்ந்து பொறி தெறிக்கும் வாய்ப்புக் குறையும்.

டேங்கைக் கழுத்துவரை நிரப்பக் கூடாது. வெயிலில் பெட்ரோல் விரிவடையும் என்பதால் ஓர் அங்குலம் இடம் விட வேண்டும். சிந்திவிட்டால் துடைத்துவிட்டு, வண்டியை அங்கிருந்து தள்ளி நகர்த்தி, வாடை முற்றிலும் அகன்ற பின்னரே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். இடையில் நிரப்பியே தீர வேண்டுமென்றால், சாவியை எடுத்துவிட்டு, எஞ்சின் ஆறுவதற்குக் கால் மணி நேரமாவது காத்திருப்பது நல்லது.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. சிறிய எஞ்சின்கள் பலவற்றின் கையேடுகளோ 10 சதவீதத்தையே வரம்பாகக் குறிப்பிடுகின்றன. வாங்கிய வண்டியின் கையேட்டில் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். எனவே பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் தேக்கி வைக்காமல், குழாயில் வெடிப்போ கசிவோ தென்படுகிறதா என்று தினமும் பார்ப்பது அவசியம்.

எண்ணெய் அளவைச் சமதரையில்தான் பார்க்க வேண்டும். எண்ணெயை அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்தால், எண்ணெய் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே நிற்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் கெடுதல்தான். ஏர் ஃபில்டரின் காகிதப் பகுதியை மெதுவாகத் தட்டித் தூசியை உதிர்த்தால் போதும், காற்றழுத்தக் குழாயால் ஊதினால் கிழிந்துவிடும். எஞ்சினின் சூட்டை வெளியேற்றும் தகடுகளான குளிர்விப்புத் துடுப்புகளிலும் சைலன்சரைச் சுற்றியும் சேர்ந்திருக்கும் காய்ந்த புல்லை அகற்றாவிட்டால், எஞ்சின் சூடேறுவதோடு தீப்பிடிக்கவும் கூடும். இரு பக்க டயர்களிலும் காற்று சமமாக இல்லையென்றால், பிளேடை மூடியிருக்கும் வெட்டும் தட்டு ஒருபுறம் சாய்ந்து, புல் மேடுபள்ளமாக வெட்டப்படும்.

இருக்கைக்கு அடியிலுள்ள பாதுகாப்பு சுவிட்சைச் சோதிப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிளேடு சுழலும்போது ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்தால் எஞ்சின் நின்றுவிட வேண்டும். ஆட்கள் யாரும் அருகில் இல்லாத இடத்தில், உடலைச் சற்றே உயர்த்தி இதைப் பார்த்துவிடலாம். நிற்கவில்லை என்றால் அன்றைக்கு வண்டியை எடுக்கக் கூடாது. அந்த சுவிட்சை ஒயரால் கட்டி முடக்கி ஓட்டும் பழக்கத்தை எந்த மேற்பார்வையாளரும் அனுமதிக்கக் கூடாது.

வெட்டும் தட்டுக்கு அடியில் கை வைப்பதற்கு முன் சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். கையால் பிளேடைத் திருப்பினாலே எஞ்சின் உயிர்பெறும் சாத்தியம் உண்டு. கழற்றிச் சாணை பிடித்த பிளேடை நடுத்துளையில் ஓர் ஆணியில் தொங்கவிட்டால், ஒரு பக்கம் தாழ்கிறதா என்பது தெரியும். தாழும் பக்கத்தை இன்னும் சற்றுத் தேய்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் தட்டின் அடியில் ஒட்டிய ஈரப்புல்லை மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ சுரண்டி எடுத்துவிடுங்கள். அழுத்தமான தண்ணீரை பேரிங் இருக்கும் பக்கம் பீய்ச்சினால் கிரீஸ் வெளியேறிவிடும். பெட்ரோல் வால்வை மூடி, எஞ்சின் ஆறிய பின்னரே தார்ப்பாயைப் போர்த்த வேண்டும்.