வான் பார்க்க வான் பிடிப்பவர்களுக்கு

போன கிழமை திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் உயர்தர வகுப்பு மாணவர்கள் இருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கைபேசியில் ஒரு வால்வெள்ளியின் பாதை வரைபடம். "சேர், வெறுங்கண்ணுக்கே தெரியுமாம். வகுப்பில் எல்லாருக்கும் சொல்லிவிட்டோம். போய்ப் பார்க்க வாடகை வானும் பேசியாயிற்று" என்றான் ஒருவன். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2024இல் இதே வார்த்தைகளை இதே பூரிப்போடு நான் சொல்லித் திரிந்தேன்.

தொலைநோக்கி மூடியைக் கழற்ற மறப்பது, முழுநிலா இரவில் மங்கலானதைத் தேடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரே இரவில் தாமாகவே திருந்திவிடும். பணத்தையும் பெயரையும் தின்றவற்றை மட்டும் சொல்கிறேன்.

கண்டுபிடித்த மாதத்திலேயே நாள் குறிப்பது

2024 செப்டம்பர் 27ஆம் திகதி ஹவாயிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி ஒரு வால்வெள்ளியைக் கண்டது. பெயர் சி/2024 எஸ்1. ஒரு பெரிய வால்வெள்ளி உடைந்த துண்டுகளான, சூரியனை உரசிச் செல்லும் குரொய்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒக்டோபர் 28ஆம் திகதி சூரிய மேற்பரப்புக்கு 5 இலட்சம் கிலோமீற்றர் அளவில் நெருங்கும். தப்பிப் பிழைத்தால் விடியுமுன் கிழக்கு வானில் நீண்ட வாலோடு எழும். எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல்தான். கட்டடம் இல்லை, மலை இல்லை. இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்றும் என்னை ஏமாற்றியது. என் பெரியப்பா 1965இல் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது, விடியற்புறத்தில் கடலின்மேல் விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டதுபோல ஒரு வால்வெள்ளியைக் கண்டதாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது இக்கேயா–செக்கி. அதுவும் குரொய்ட்ஸ் குடும்பம். அதுவும் செப்டம்பரில் கண்டுபிடிக்கப்பட்டு ஒக்டோபரில் சூரியனைச் சுற்றியது. தூரமும் ஏறக்குறைய அதே தூரம். பெரியப்பாவின் விளக்குமாறு திரும்பி வருகிறது என்றே முடிவுகட்டிவிட்டேன்.

பாடசாலை அதிபரிடம் பேசினேன். பெற்றாரிடம் கையொப்பம் வாங்கினோம். நவம்பர் முதல் வாரத்தில் நிலாவெளிக்குப் போக இரண்டு வான்களுக்கு முற்பணம் கொடுத்தேன். ஒக்டோபர் 28ஆம் திகதி, சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் படங்களில் அந்த வால்வெள்ளி சூரியனை நோக்கிப் போனது. மறுபக்கம் வரவில்லை. ஆவியாகிவிட்டது.

முன்கணிப்பை நம்பியது சின்னத் தவறு. அது துண்டுதுண்டாகிறது போலிருக்கிறதென்ற செய்திகள் ஒக்டோபர் நடுவிலேயே வந்துவிட்டன. படித்தேன். படித்துவிட்டு, இப்படித்தான் ஏதாவது எழுதுவார்கள் என்று ஒதுக்கிவைத்தேன். வாக்குக் கொடுத்த மனிதனுக்குக் கெட்ட செய்தி காதில் ஏறாது. 2013 நவம்பரில் ஐசான் வால்வெள்ளி சூரியனுக்கருகே சிதைந்ததும் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் செய்தேன்.

இக்கேயா–செக்கியோடு ஒப்பிட்டதில் இருந்த ஓட்டையும் பிறகுதான் உறைத்தது. 1965இல் அதைக் கண்டவர்கள் ஜப்பானியர் இருவர், தனித்தனியே, தொலைநோக்கியில் கண்ணை வைத்துத் தேடிய ஆர்வலர்கள். மனிதக் கண்ணுக்கு எட்டும் அளவுக்கு அது அப்போதே பெரியது. எஸ்1ஐக் கண்டதோ இரவு முழுவதும் வானத்தைத் துழாவும் தானியங்கிக் கெமரா. சூரியனை நெருங்க ஒரே மாதம் இருக்கையிலும் கெமராவுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று எத்தனை பெரிதாக இருந்திருக்கும்? அந்தக் குடும்பத்தின் துண்டுகளை சோஹோ ஆயிரக்கணக்கில் கண்டிருக்கிறது. அநேகமாக எல்லாமே கரைந்துபோயின.

கற்பூரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் எரியும் என்று சொல்லக் கட்டியின் பருமன் தெரிய வேண்டும். வால்வெள்ளியில் நமக்குத் தெரிவது சுவாலை மட்டும். கட்டி அதன் வாயுவுக்கும் தூசுக்கும் உள்ளே மறைந்து கிடக்கிறது. பாதையை நிமிடக் கணக்கில் சொல்லலாம். ஒளியை அப்படிச் சொல்ல முடியாது. கணிப்பு எதிர்ப்பக்கமாகவும் பொய்த்துப்போகும்: அதே ஆண்டு சி/2023 ஏ3 வால்வெள்ளி சிதைந்துவிடும் என்று ஜூலையில் மூத்த ஆய்வாளர் ஒருவரே எழுதினார். அது செப்டம்பர் 27இல் சூரியனைச் சுற்றி முழுசாக வெளியே வந்தது.

என் எரிச்சலுக்கு உண்மையான காரணம் அந்த ஏ3தான். ஒக்டோபர் நடுவில் ஒரு மாலை, வீட்டு மொட்டைமாடியில் நின்று, மேற்கே முகில்களுக்கிடையே அதன் வாலைப் பார்த்தேன். பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கலாம். "பொறுங்கள், அடுத்த மாதம் இதைவிடப் பெரியது வருகிறது" என்று ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தேன். ஏ3 இனி நம் காலத்தில் திரும்பாது.

ஐப்பசி, கார்த்திகை

வடகீழ்ப் பருவமழையில் கிழக்கு மாகாணத்தில் நாள் குறிக்காதீர்கள். வானம் திறந்தால் போங்கள்.

"வெறுங்கண்ணுக்குத் தெரியும்" என்ற எண்

வால்வெள்ளிக்குச் சொல்லப்படும் பிரகாச எண் (எண் குறைந்தால் ஒளி கூட) அதன் முழு ஒளியையும் கூட்டிச் சொல்வது. விண்மீனின் ஒளி ஊசிமுனையில் நிற்கிறது. வால்வெள்ளியின் அதே அளவு ஒளி, ஒரு கரண்டிச் சீனியைக் கிணற்றில் போட்டதுபோலப் பரவிவிடுகிறது. எண்ணில் 4 என்றிருப்பது கடற்கரை விடுதிகளின் விளக்கடியில் நின்றால் கண்ணுக்குப் படாது. ஒரு பைனாகுலரும் இருட்டும் வேண்டும். இதைச் சொல்லாமல் ஆட்களைக் கூட்டிச் சென்றால், "எங்கே, எங்கே" என்று கேட்டுவிட்டு அரை மணித்தியாலத்தில் கைபேசியை எடுத்துவிடுவார்கள்.

ஏறும் சதவீதத்தைப் பார்த்து அலறுவது

2024 டிசம்பர் 27ஆம் திகதி சிலியில் கண்டுபிடிக்கப்பட்ட 2024 ஒய்ஆர்4 சிறுகோள் 2032இல் பூமியில் மோத 1 சதவீத வாய்ப்பு என்றார்கள். 2025 பெப்ரவரி 18இல் அது 3.1 சதவீதமாகியது. மோதக்கூடிய பட்டையில் தெற்காசியாவும் இருந்ததால் இங்கே தொலைபேசிக்கு ஓய்வில்லை. ஒரு கிழமைக்குள் வாய்ப்பு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. உடனே, "விஞ்ஞானிகள் பொய் சொன்னார்கள்" என்றார்கள்.

பொய் இல்லை. கரைவலை இழுப்பதைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இது விளங்கும். வலை வளைத்த நீர்ப்பரப்புக்குள் ஒரு மீன் எங்கோ இருக்கிறது. அதற்குள் ஒரு பாறையும் இருக்கிறது. வலை சுருங்கச் சுருங்க, பாறை உள்ளேயே இருக்கும்வரை, மீன் பாறையோடு ஒட்டி இருப்பதற்கான பங்கு கூடிக்கொண்டே போகும். கடைசியில் வலை பாறையைத் தாண்டி வந்துவிட்டால் பங்கு சட்டென்று பூச்சியம். மீன் சிறுகோள், பாறை பூமி, வலை நமது அளவீட்டின் நிச்சயமின்மை. அவதானிப்பு கூடும்போது வலை சுருங்குகிறது. எண் ஏறுவது ஆபத்து நெருங்குவதன் அடையாளம் அல்ல.

சிறுகோளா, விண்கல்லா

சூரியனைச் சுற்றும்வரை சிறுகோள். தரையில் விழுந்து கையில் எடுத்தால் விண்கல். பத்திரிகைகள் திருந்தப்போவதில்லை, நீங்களாவது திருந்துங்கள்.

பென்னுவில் உயிர்

இல்லை. பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் வந்திறங்கிய 121.6 கிராம் மாதிரியில், உயிரின் கட்டுமானப் பொருட்களான அமினோ அமிலங்கள் இருந்தன. செங்கற்குவியல் வீடாகாது.

3ஐ/அட்லஸ்

2025 ஜூலை 1இல் கண்டுபிடிக்கப்பட்டது. வேறொரு விண்மீன் பக்கமிருந்து வந்ததாக நாம் அறிந்த மூன்றாவது பொருள். பூமியை நெருங்கிய டிசம்பர் 19இலும் சுமார் 27 கோடி கிலோமீற்றர் தூரத்தில்தான் இருந்தது. கரியமிலவாயு மிகுந்த வால்வெள்ளி. வேற்றுலகவாசிகளின் விண்கலம் என்று வாதாடுபவரோடு கடற்கரையில் நின்று விடியற்காலையை வீணாக்காதீர்கள்.

மாணவர்களிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. "அப்படியென்றால் எதற்குத்தான் சேர் வான் பிடிக்கலாம்?" என்றான் மற்றவன். அபோபிஸ் என்ற சிறுகோளுக்குப் பிடிக்கலாம் என்றேன். இலங்கை நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலை மூன்றேகால் அளவில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, பூமிக்கு மேலே சுமார் 32,000 கிலோமீற்றரில் கடக்கிறது. அது கல். கரைவதற்கு அதில் கற்பூரம் இல்லை; சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவது மட்டுமே அதன் வேலை, ஆகவே பாதையோடு ஒளியையும் கணக்கிடலாம். மழைக்காலமும் இல்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இந்த வானுக்குக் கொடுத்த முற்பணம் திரும்பக் கிடைக்குமா சேர்?"

எனக்குக் கிடைக்கவில்லை.