புளியங்கொட்டை பத்து, கிண்ணம் இரண்டு: எண்ணும்போதே பேச்சும் வளர

நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கானது இது. பத்து நிமிடம் போதும். தேவை: 10 புளியங்கொட்டை, ஒரே அளவில் சிவப்பும் பச்சையுமாக 2 கிண்ணம், ஒரு கைக்குட்டை. கூடவே மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருந்தால் கொட்டைக்குப் பதில் பெரிய டப்பா மூடிகள். கொட்டை தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

1. ஐந்து கொட்டைகளை வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றாக நகர்த்தி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணட்டும். 'ஒன்று' என்று திருத்தாதீர்கள். வீட்டுப் பேச்சிலேயே நடக்கட்டும். முடிந்ததும் "எத்தனை கொட்டை இருக்கு?" என்று கேளுங்கள். பல குழந்தைகள் திரும்பவும் ஒண்ணிலிருந்து ஆரம்பிக்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். விரலால் எல்லாவற்றையும் சுற்றி வளைத்து, "மொத்தம் அஞ்சு கொட்டை" என்று நீங்களே சொல்லுங்கள்.

2. சிவப்பில் 6, பச்சையில் 4 போடுங்கள். "எதுல அதிகம்?" என்று கேட்டால் விரலை நீட்டிவிடும், பேச்சு வராது. அதனால் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். "சிவப்பு" என்று ஒற்றைச் சொல் வரும். அதை நீட்டிக் கொடுங்கள்: "ஆமா, பச்சையை விட சிவப்புல ரெண்டு கூட இருக்கு." இந்த 'விட'தான் நாம் தேடுவது. சில குழந்தைகள் 'அதிகம்' என்பதற்கும் "பெருசு" என்றே சொல்லும். "கொட்டை எல்லாம் ஒரே அளவு, எண்ணிக்கைதான் அதிகம்" என்று பிரித்துக் காட்டுங்கள். "எதுல கம்மி?" என்றும் கேளுங்கள், பெரியவர்கள் அதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

3. ஐந்தைக் கைக்குட்டையால் மூடி, இரண்டை வெளியே எடுத்து வையுங்கள். "உள்ளே எத்தனை?" கேட்டதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். இந்த மௌனம் பெரியவர்களுக்குத்தான் கஷ்டம். பதில் சரியோ தவறோ, "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள். "ரெண்டு வெளிய வந்துடுச்சு, அதான்" என்ற அரைகுறை விளக்கம்கூட வெறும் 'மூணு'வைவிட மேல்.

நம் பேச்சில் இன்னொரு சிக்கல்: கொட்டைக்கும் 'எவ்ளோ', தண்ணீருக்கும் 'எவ்ளோ' என்கிறோம். எண்ணுவதற்கு 'எத்தனை', அளப்பதற்கு 'எவ்வளவு' என்று நீங்கள் மட்டும் மாறாமல் சொல்லிவாருங்கள். "ஒண்ணு கொட்டை" என்று வந்தால், "ஆமா, ஒரு கொட்டை" என்று திருப்பிச் சொன்னால் போதும்.

கொட்டையைச் சுண்டி விளையாட ஆரம்பித்துவிட்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள்.