குவினெத் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேல்ஸின் வடமேற்கு மூலையில் இருக்கிறது குவினெத் கவுண்டி. பாங்கர் பல்கலைக்கழகம் அங்கேதான் இருப்பதால், படிக்க வருகிற நம்மவர்களும் உண்டு. வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டு "இங்கிலாந்து வந்து சேர்ந்துட்டேன்" என்பார்கள். முதல் தவறு அதுதான். பிரிட்டனுக்குள்ளேயே வேல்ஸ் தனி நாடு, தனி மொழி.

அந்த மொழியைப் பழம்பொருளாக நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. 2021 கணக்கெடுப்பின்படி குவினெத்தில் 64.4 சதவீதம் பேர் வேல்ஷ் பேசுகிறார்கள். கைர்நார்வொனில் ஒரு ரொட்டிக் கடை வரிசையில் நின்று பாருங்கள். முன்னால் நிற்கும் குழந்தை கேக் கேட்பதும் வேல்ஷில், கடைக்காரம்மா சில்லறை எண்ணிக் கொடுப்பதும் வேல்ஷில். நம் முறை வந்ததும் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வார். நம்மைப் பார்த்ததும் வேண்டுமென்றே வேல்ஷில் பேசுகிறார்கள் என்று சிலர் மனம் சுருங்குகிறார்கள். அப்படி இல்லை, அவர்கள் நாள் முழுக்கப் பேசுவதே அதைத்தான். கிளம்பும்போது 'டியோல்ஹ்' என்று நன்றி சொல்லுங்கள், முகம் மலரும்.

பள்ளியில் வேல்ஷ் வழிப் பாடம் என்றதும் பெற்றோர் பதறுவதும் வேண்டாம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மொழி கற்றுக்கொடுக்கக் கவுன்சிலே தனி மையங்கள் நடத்துகிறது.

ஊர்ப் பெயர்களை ஆங்கிலம் மாதிரிப் படிக்காதீர்கள். ஒற்றை எஃப் என்றால் 'வ'. இரட்டை டி என்றால் 'இது' என்பதில் வரும் 'த'. இரட்டை எல்லுக்கு நாக்கை 'ல்' இடத்தில் வைத்துக் காற்றை மட்டும் ஊத வேண்டும். ஸ்னோடன் மலைக்கு அவர்கள் வைத்த பெயர் அர் வித்வா. 2022 முதல் தேசியப் பூங்கா நிர்வாகமும் அதையே முன்னிறுத்துகிறது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். இங்கிலாந்து நகரமான லிவர்பூலின் தண்ணீர்த் தேவைக்காக, பாலா என்ற ஊருக்குப் பக்கத்தில் கப்பெல் கெலின் என்ற வேல்ஷ் கிராமத்தையே, பள்ளிக்கூடம் தேவாலயத்தோடு, 1965-இல் நீருக்குள் மூழ்கடித்த மண் அது.

அதே மலையில் 1,085 மீட்டர்தானே என்று கேன்வாஸ் ஷூவோடு ஏறாதீர்கள். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மேகமும் காற்றும் சூழ்ந்துவிடும். தேடி வருகிற மீட்புக் குழுவினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

கார் ஓட்டினால், ஊருக்குள் பெரும்பாலும் 20 மைல் வேகம்தான், 2023 செப்டம்பரிலிருந்து.

அப்புறம் ரயில். ஹார்லெக், பார்மவுத் வழியாகப் போகும் கடலோர ரயில் சில சின்ன நிலையங்களில் தானாக நிற்காது. ஏற வேண்டுமென்றால் டிரைவர் கண்ணில் படுகிற மாதிரி நின்று கையை நீட்ட வேண்டும். இறங்க வேண்டுமென்றால் கார்டிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.